பாடுகிற தலைக்குச் சந்தனம்

ராயபுரத்தில் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விடிவதற்கு முன்பே துறைமுகத்துச் சங்கு. அது ஓய்ந்தால் ரயில். அதுவும் ஓய்ந்தால் கல்யாண வீட்டு லவுட் ஸ்பீக்கர்... பகலெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் சம்மட்டிச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவன் எப்போதுதான் தூங்குவது?

அந்த லவுட் ஸ்பீக்கரின் சொந்தக்காரர் எதிர்வீட்டு மஸ்தான் பாய். எங்கள் பேட்டையில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் அவருடைய மைக் செட்தான். மழையில் கூரை ஒழுகுகிறது என்று ரிக்கார்டு பெட்டியை எங்கள் கூடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார். அது வாய் மூடியிருந்த நாட்களில் நானும் கொஞ்சம் கண் மூடினேன்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. என் மனைவி கமலம் தையல் மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். அரிவாள்மனைக்கு வைத்தாள். பாய் பெட்டி மட்டும் என்ன பாவம் செய்தது? மூடியில் ஒரு பொட்டோடு நிறுத்தியிருக்கலாம். உள்ளே ஊசி மாட்டுகிற கை இருக்கிறதே — "அதுதானே பாடுது" என்று, அதற்குத் தலையிலிருந்து அடி வரை சந்தனத்தைத் தண்ணீராகக் குழைத்துப் பூசிவிட்டாள்.

போன சனிக்கிழமை காலையில் பாய் வந்து பெட்டியைத் திறந்தார். மறுநாள் கல்யாணம். பெண் யார் தெரியுமா? அவருடைய ஒரே மகள் பாத்திமா.

ரிக்கார்டு சுற்றியது. சத்தம் இல்லை. கை திரும்புகிற இடத்தில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. அந்தக் கையின் குழாய்க்குள் ஓடுகிற மெல்லிய ஒயர்கள் பச்சைக் களிம்பு ஏறி அறுந்துபோயிருந்தன. பாய் ரிப்பேர்காரரிடம் ஓடினார். ஒரு வாரம் ஆகும் என்றாராம். முகூர்த்த நாள் வேறு — மற்ற பேட்டைக்காரர்களின் செட்டெல்லாம் வாடகைக்குப் போய்விட்டன.

திரும்பி வந்தவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெட்டி முன்னால் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "ஊர்ல இருக்கிற கல்யாணத்துக்கெல்லாம் பாட்டு போட்டுக்கினு கீறேன் நைனா. என் பொண்ணு கல்யாணத்துல மட்டும் வூடு கம்முனு கெடக்கணுமா?"

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம். அவ்வளவு அலுப்பு. ஆனால் கமலம் என்னைப் பார்த்தாள். அழுகிற நிலையில் இருந்தாள். எழுந்து டூல் பெட்டியை எடுத்தேன்.

கையைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, குண்டூசியால் சந்தனத்தைச் சுரண்டினேன். வீட்டில் கிடந்த காலிங் பெல் ஒயரைக் கோத்தேன். பாட்டு வந்தது... ஒரே வரி. திரும்பவும் அதே வரி. ஒயர் முரட்டு ஒயர். கையை உள்ளே நகரவிடாமல் பிடித்து இழுத்தது. பாய் அந்த ஒரே வரியைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத்தான் தாங்கவில்லை.

மறுபடியும் கழற்றினேன். ஒரு பழைய டெலிபோன் ரிசீவரைப் பிரித்து, உள்ளே இருந்த மயிரிழைக் கம்பியை எடுத்தேன். அதைத் தையல் நூலில் முடிந்து குழாய் வழியாக இழுத்தவள் கமலம்தான். கரி அடுப்பில் இரும்பைக் காய்ச்சி, ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். கை திரும்புகிற இடத்தில் கம்பியைக் கொஞ்சம் தொளதொளவென்று விட்டேன். ஊசியை இறக்கினோம். முதல் வரி முடிந்து, இரண்டாவது வரியும் வந்தது.

பாய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கமலம் ஈரத்துணியோடு வந்து மூடியில் இருந்த குங்குமத்தைத் துடைக்கப் போனாள். அவர் தடுத்தார். "மேல கீறது இருக்கட்டும் தங்கச்சி. கையில மட்டும் இனிமே வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை. இன்னும் விடியவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி பாட்டு. ஜன்னலைத் திறந்தேன். எப்போதும் தெருவைப் பார்த்து நிற்கிற லவுட் ஸ்பீக்கர் குழாய், என் ஜன்னலைப் பார்த்து நின்றது. கீழே பாய், புதுச் சட்டையில்.

"நீ பாட வச்ச பெட்டி நைனா. மொதல்ல உன் காதுலதான் வுழணும்."

எதிர் ஜன்னலில் மருதாணிக் கையோடு பாத்திமா தலையாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

நன்றி சொல்கிறவரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல முடியுமா? ஜன்னலைத் திறந்தே வைத்துவிட்டேன்.