பல்லடத்தில் நிறுத்திய வண்டி

இன்று காலை பொங்கலூரிலிருந்து கோவை ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினோம். மனைவியின் தங்கை, கல்யாணமாகி முதல்முறையாக ஷார்ஜா போகிறாள். அவள் மாமியார் வீட்டிலிருந்து நேராக வந்துவிடுவாள், நானும் மனைவியும் வழியனுப்பப் போனோம். இனி எப்போது வருவாளோ தெரியாது.

பல்லடம் வருவதற்குள் காரில் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது.

"வண்டி நல்லாத்தானுங்களே ஓடுது. மொதல்ல போயிட்டு வந்துரலாங்க" என்றாள் மனைவி.

நடுவழியில் நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம். ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன்.

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினார். புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரில் கோளாறு என்று காட்டியது. அதை உடனே நம்பாமல், சைலன்சர் குழாயில் ஓட்டை இருக்கிறதா, ஒயர் அறுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு இன்ஜினை ஓடவிட்டார். ஸ்கேனரில் ஏறி இறங்க வேண்டிய சென்சார் அளவு அசையாமல் நின்றது. மனைவி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சென்சார்தானுங்க போயிருச்சு. பெட்ரோல் கொஞ்சம் சேத்திக் குடிக்கும், அவ்வளவுதானுங்க. ஏர்போர்ட் போயிட்டு வந்து மெதுவா மாத்தியிருக்கலாமுங்க" என்றார் மெக்கானிக். அதற்குள் முக்கால் மணி நேரம் போயிருந்தது.

ஏர்போர்ட் வாசலில் இறங்கும்போது தங்கையிடமிருந்து போன். "அக்கா, உள்ள வந்துட்டேன். இனி வெளிய விட மாட்டாங்களாம்."

"பரவால்ல கண்ணு, பாத்துப் போ" என்றவள், போனை வைத்த பிறகும் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மனைவி சொன்னதைக் கேட்டிருக்கலாம். திரும்பி வரும் வழி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

தங்கைக்கென்று அரைத்த பருப்புப் பொடி இப்போது என் தட்டில் இருக்கிறது. பேச்சை எப்படி ஆரம்பிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.