ஒன்பது வாங்கிய வண்டி

பத்திரிகை அலுவலகத்தில் அவரை ‘ஆறரை’ என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வரும் மோட்டார் சைக்கிள்களை ஓட்டிப் பார்த்து மார்க் போடுவது அவர் வேலை. பதினோரு வருடத்தில் ஒரே ஒரு தடவை தவிர, பத்துக்கு ஆறரையைத் தாண்டி எந்த வண்டிக்கும் அவர் கை நீண்டதில்லை. யாரையாவது பாராட்டினால் வாய் கோணிக்கொள்ளும் என்று பயப்படுகிற ஜாதி.

க்ரூஸரைப் பற்றி, “கால் நீட்டி உட்கார நல்ல வண்டி. திரும்பத்தான் இதற்குப் பிடிக்காது” என்று எழுதுவார். குனிந்து ஓட்டுகிற ரேஸ் மாடலுக்கு, “முதுகை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வரக்கூடியவர்களுக்கு ஏற்றது.” உயரமான அட்வென்ச்சர் பைக்குக்கு, “மலை ஏறுமாம். முதலில் இதன் மேல் நாம் ஏறியாக வேண்டும்.” வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கம்பெனிக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வண்டியையும் அவரிடமே அனுப்பினார்கள்.

சோதனையில் மட்டும் மனிதர் கறார். எல்லா வண்டிக்கும் அதே பதினெட்டு கிலோமீட்டர், அதே குண்டும் குழியும். கடைசியில், மூடிக்கிடக்கும் ஒரு கிடங்கின் பின்னால் உள்ள சிமெண்ட் முற்றத்தில் எட்டு வாளி தண்ணீர் ஊற்றி, சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, ஐம்பது வேகத்தில் வந்து பிரேக் பிடிப்பார். வண்டி கோட்டைத் தாண்டினால் தொலைந்தது. டேப்பை எடுத்து அங்குலக் கணக்கில் மானத்தை வாங்கிவிடுவார்.

போன வருடம் ஒரு சாதாரண தெரு வண்டி வந்தது. அலட்டலில்லாத தோற்றம், நிமிர்ந்து உட்காரலாம். அது கோட்டுக்கு முக்கால் அடி முன்னாலேயே ஆணி அடித்தது போல நின்றது. மூன்று தடவை பார்த்தார், மூன்று தடவையும் நின்றது. ஆறரை அன்றைக்கு ஒன்பது போட்டார். “ஈரத் தரையில் பயப்படாமல் பிரேக் பிடிக்கலாம்” என்று கொட்டை எழுத்தில் வந்தது.

அதைப் படித்துவிட்டு அவருடைய தங்கை அந்த வண்டியை வாங்கினாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் கொண்டுவந்து கொடுக்கிற வேலை அவளுக்கு. விடிந்ததும் இருபது வீடு ஏறி இறங்க வேண்டும். அண்ணன் ஒன்பது போட்ட வண்டி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டாள். நாலாவது மாதம், மழையில், ஒரு சரிவில் ஆட்டோ குறுக்கே வந்தபோது பயப்படாமல் பிரேக் பிடித்தாள். பின் சக்கரம் வழுக்கி, வண்டி அவளைக் கீழே போட்டு இழுத்துக்கொண்டு போனது. வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பு நொறுங்கிவிட்டது. ஊசி பிடிக்கிற கை. இனி பழையபடி வருமா என்று கேட்டதற்கு டாக்டர் சரியாகப் பதில் சொல்லவில்லை.

ஆறரை நேராக மெக்கானிக் ஷெட்டுக்குப் போய் வண்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டயரைத் தடவினார். கட்டையாக இருந்தது.

“இந்த டயர் எப்ப மாத்தினது?”

“மாத்தலையே சார். எல்லா வண்டிக்கும் இதுதானே வருது,” என்றார் மெக்கானிக்.

வீட்டுக்கு வந்து, பத்திரிகையில் தானே எடுத்துப் போட்ட படத்தைப் பார்த்தார். அதில் இருந்தது வேறு டயர். மிருதுவான ரப்பர், ஆழமான வெட்டு, விலை உயர்ந்த சாதி. அவருக்கு அனுப்பிய வண்டிக்கு மட்டும் செருப்பு மாற்றிவிட்டிருக்கிறார்கள். வண்டி அனுப்பிய கம்பெனி ஆளுக்கு போன் போட்டு வாயில் வந்ததையெல்லாம் கேட்டார்.

“டயரைப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே சார்,” என்றான் அவன், வெண்ணெய் தடவின குரலில்.

அன்றே மூன்று பக்கம் எழுதினார். மோசடி, கூட்டுக்கொள்ளை, கொலைபாதகம், ஒன்றையும் விடவில்லை. எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். அவள் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்தபடி முழுதும் கேட்டாள். விழுந்த நாளிலிருந்து அவரை அவள் அண்ணா என்று கூப்பிடவில்லை.

“நல்லா திட்டியிருக்கே. இதுல நீ எங்க இருக்கே?”

“நானா? நான் ஏமாந்தவன்.”

“ஏமாந்தது நான். நான் குப்பி மேல பேர் ஒட்டறதுக்கு முன்னாடி யார் ரத்தம்னு ரெண்டு தடவை கேப்பேன். அம்மாவுக்கு எடுத்தாலும் கேப்பேன். நீ எந்த வண்டின்னு பாக்காமலே ரிப்போர்ட் குடுத்திருக்கே.”

“கடைக்கு வர வண்டியும் அதுவும் ஒண்ணுன்னுதானே எல்லாரும் நினைப்பாங்க.”

“எல்லாரும் நினைக்கலாம். உனக்கு அதைப் பாக்கறதுதானே வேலை.”

அவருக்குச் சுரீரென்றது. பதினோரு வருடமாகப் பிறத்தியாரைக் கடித்துக் குதறியவரால் இந்த ஒரு கடியைத் தாங்க முடியவில்லை. “ஓட்டத் தெரிஞ்சவங்க ஓட்டினா இந்த டயர்லயும் நிக்கும்,” என்று சொல்லிவிட்டார். சொல்லியிருக்கவே கூடாது.

“அப்ப நிறுத்திக் காட்டு.”

ரிப்பேர் முடிந்து வண்டி வந்த அன்று, அவள் பஸ்ஸில் கிடங்குக்கு வந்து சேர்ந்தாள். எட்டு வாளியையும் அவர் ஊற்றினார். கோட்டை அவள் இடது கையால் கிழித்தாள். ஆறரை ஐம்பதில் வந்தார், பிரேக்கை அழுத்தினார். முன் சக்கரம் தத்தித் தத்திப் பிடிக்கப் பார்த்தது. பின் சக்கரம் பக்கவாட்டில் ஓடியது. வண்டி கோட்டைத் தாண்டி, அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரோரம் கிடத்தியது. முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. ரத்தம் பார்த்துப் பழகியவள் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

“எத்தனை மார்க்?” என்று கேட்டாள்.

அவர் எழுந்திருக்க முயன்று, முடியாமல் ஈரத்திலேயே உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“மூணு.”

“வண்டிக்குச் சரி. உனக்கு?”

அவர் பையிலிருந்து அந்த மூன்று பக்கத்தையும் எடுத்தார். ஓரம் நனைந்திருந்தது. மோசடி என்று ஆரம்பிக்கும் முதல் வரிக்கு மேலே எழுதி அவளிடம் நீட்டினார். ‘டயரை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே ஒன்பது போட்டேன். என் தங்கை விழுந்தாள்.’

அவள் இரண்டு தடவை படித்தாள். “இதுதான் மேல வரணும். அவங்களைத் திட்டறதெல்லாம் அப்புறம்.”

“வரும். என் பேரோடவே வரும்.” சுவரைப் பிடித்து எழுந்து வண்டியை நிமிர்த்தினார். “வா, வீட்டுல விட்டுடறேன்.”

“எதுல?” என்றாள் அவள்.

கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்துக் கால் வைத்து, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.