எட்டடிப் பலகையில் சித்தூரிலிருந்து திருப்பதி வரை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேருக்கு ஒரு கேள்வி மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் நைனா எட்டு வருடம் பார்த்துப் பார்த்துக் கட்டிய ரயில் பலகையை, அவர் உடல் பின்னறையில் கிடக்கும்போதே ரம்பம் வைத்து அறுக்கச் சொன்னது யார் என்பதுதான் அது. மாமா என்றார்கள் சிலர். ஆசாரி தானாக அறுத்துவிட்டார் என்றார்கள் சிலர். அறுக்கச் சொன்னது அவருடைய மகளாகிய நான்தான். இதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுதக் கை வரும்.

நைனா பிறந்தது கங்காதர நெல்லூருக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில். சொந்தமென்று ஒரு சாண் நிலம் கிடையாது. அவருடைய பெற்றோர் பிறர் தோட்டத்தில் கரும்பு வெட்டிப் பிழைத்தவர்கள். பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாக எட்டாம் வகுப்பு வரை ஓட்டினார். பதினாறு வயதில் சித்தூருக்கு வந்து, மாம்பழக் கூழ் ஆலை ஒன்றில் பழம் கழுவச் சேர்ந்தார். சீசன் முடிந்தால் வேலையும் முடியும். அதனால் அடுத்த சீசனுக்கு ஒரு மாதம் முன்பே போய் நின்று, மெஷின்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையைக் கேட்டு வாங்கினார். மாம்பழச் சாறு பட்ட இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும். ஆகவே ஒவ்வொரு கோடைக்கு முன்பும் சட்டம், கால், கம்பி எல்லாவற்றையும் தேய்த்து வெள்ளிப் பெயின்ட் அடிப்பது அங்கே வழக்கம். பெயின்ட் அடித்த மெஷின்களையே கழற்றவும் மாட்டவும் கற்றுக்கொண்டு, டின் மூடும் மெஷினுக்கு மெக்கானிக் ஆனார்.

"இரும்ப வெறும் ஒடம்போட வுடக் கூடாது" என்பார். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி, சைக்கிள், என்னுடைய ஜாமெட்ரி பாக்ஸ் வரை அந்த வெள்ளிப் பெயின்ட் ஏறாத இரும்பு கிடையாது. வகுப்பில் என் பெட்டியைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் அழுதுகொண்டு வந்து நின்றால், "சிரிக்கறவங்க பொட்டி துரு புடிக்கும், உன்னுது புடிக்காது" என்று முடித்துவிடுவார்.

அம்மா மஞ்சள் காமாலையில் போனபோது எனக்குப் பதினாலு வயது, தம்பிக்குப் பத்து. நைனா மறுமணம் செய்துகொள்ளவில்லை. அவர் வைத்த குழம்பை நாங்கள் தொடாமல் உட்கார்ந்திருந்தால், "மெஷினு கத்துக்கல? இதயும் கத்துக்கறேன். இன்னிக்கு ஒரு நாளு துன்னுங்க" என்று கெஞ்சுவார். கடைசிவரை அந்தக் குழம்பு அப்படியேதான் இருந்தது.

பிறகு காலம் மாறியது. நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. எங்கள் ஊர் மாம்பழக் கூழ் பெரிய பெரிய டிரம்களில் கப்பலேறியது. ஆலைக்குத் தானே ஓடும் புது மெஷின்கள் வந்தன. நைனாவின் டின் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் திருப்பதியில் வாழ்க்கைப்பட்டேன். தம்பி இன்ஜினியரிங் முடித்து, கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லாரும் அமெரிக்காவுக்குப் போன அந்த அலையில் தானும் போனான். சித்தூர் வீட்டில் நைனா ஒருவரே மிஞ்சினார்.

ஒரு நாள் போனில் தம்பி, "உனக்கு இங்கேருந்து இன்னா வேணும் நைனா?" என்று கேட்டான். இவருக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. "எனக்கு இன்னா வேணும்? அந்த ஊர்ல ரயிலு எப்பிடி கீதுன்னு ஒரு தபா பாக்கணும்" என்றார். தம்பி அதை அப்படியே பிடித்துக்கொண்டான். மூன்றாம் வருடம் லீவில் வந்தபோது ஒரு பொம்மை ரயில் செட் கொண்டுவந்தான். ஒரு என்ஜின், மூன்று பெட்டி, வட்டமாகப் பூட்டும் தண்டவாளம், மின்சாரம் கொடுக்க ஒரு கருப்புப் பெட்டி. அந்த நாட்டு மின்சாரத்தின் வோல்ட் நம்முடையதில் பாதிதான் என்பதால், நடுவில் வைக்க ஒரு கன்வெர்ட்டரும் அவனிடம் இருந்தது. ஹாலில் தரையில் பூட்டி ஓட்டிக் காட்டினான். நைனா சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரயில் சுற்றி வரும்போதெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

தம்பி ஊருக்குத் திரும்பும்போது, ஷேவரில் மாட்டியிருந்த அந்த கன்வெர்ட்டரையும் மறதியாகப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மறுநாள் நைனா கருப்புப் பெட்டியை நேராக நம் வீட்டு பிளக்கில் சொருகினார். அவருக்கு இரும்பு தெரியும், கரன்ட் தெரியாது. ஆலையில் கரன்ட் வேலைக்கு வேறு ஆள். பெட்டி பொசுங்கிப் புகை வந்தது. பார்த்தவள் நான் ஒருத்திதான்.

"அவன்கிட்ட சொல்லாதம்மா. நொந்துக்குவான்" என்றார்.

"திருப்பதியில ரேடியோ ரிப்பேர் கடையில கேட்டுப் பாக்கறேன் நைனா" என்றேன்.

"வாணாம். அவனே வந்து அவன் கையால போடட்டும்."

"நீ சொல்லலன்னா அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"வந்தான்னா தெரியும்ல."

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

ஓடாத அந்த ரயிலுக்குத்தான் அவர் பாதை கட்ட ஆரம்பித்தார். அப்போது அகலப்பாதை போடுவதற்காக எங்கள் பக்கத்து மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தியிருந்தார்கள். என்னைப் பார்க்க அவர் வந்துபோய்க்கொண்டிருந்த ரயில் அது. அதையே கட்டுகிறேன் என்றார். எட்டடி நீளம், ஆறடி அகலத்துக்குப் பலகை. "மெஷின்னா அஸ்திவாரத்துல ஒக்காரணும், இல்லன்னா ஆடும்" என்று, பலகையின் கால்களை ஹால் தரையில் குழி பறித்துச் சிமென்ட் வைத்துப் புதைத்தார். பொம்மை ரயில் என்ன ஆட்டம் ஆடப்போகிறது என்று நான் கேட்டபோது அடுத்த குழியை அளந்துகொண்டிருந்தார்.

இந்த வேலைக்கு அவர் புதியவர். செய்யாத தப்பில்லை. முதலில் வளைவுகளை மிகவும் குறுக்கிப் போட்டதால், தள்ளிப் பார்த்த என்ஜின் ஒவ்வொரு வளைவிலும் கவிழ்ந்தது. பிரித்து மறுபடி போட்டார். திருமலையைப் பழைய தெலுங்குச் செய்தித்தாளும் மைதாப் பசையுமாக இடுப்புயரத்துக்கு எழுப்பினார். பசை ருசிக்கு எலி வந்து மலையைக் குடைந்துவிட்டது. "பரவால்ல, சுரங்கம் அதுவே போட்டுக் குடுத்துட்ச்சி" என்று விட்டுவிட்டார். மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்து புல் போட்டார். சித்தூர், பாகாலா, சந்திரகிரி, திருப்பதி என்று அட்டையில் ஸ்டேஷன்கள் கட்டினார். மலையுச்சியில் ஒரு நாமம் வரைந்தார். கோடைக்கு முன்பு தண்டவாளத்துக்கு வருடா வருடம் வெள்ளிப் பெயின்ட்.

தண்டவாளம் போதாது என்று கேட்டால் தம்பி உடனே அனுப்புவான். அவன் ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்கள் பெட்டியில் எங்களுக்கு ஒரு கட்டுத் தண்டவாளம் வரும். தண்டவாளம் வந்தது, தம்பி வரவில்லை. முதலில் வேலை போயிற்று என்றான். வேறு வேலை கிடைத்த பிறகு விசா என்றான். அதற்கப்புறம் கிரீன் கார்டுக்கு மனுப் போட்டிருக்கிறேன், இப்போது வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றான். எல்லாம் உண்மைதான். அவனை நான் பொய்யன் என்று சொல்லவில்லை.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு போன் வரும். நான் பெரும்பாலும் அன்றைக்குச் சித்தூரில் இருப்பேன்.

"ரயிலு ஓடுதா நைனா?"

"ஓடிக்கினேதாம்ப்பா கீது. தா, கேளு."

ரிசீவரைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பலகையில் வைப்பார். என்ஜின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, சித்தூரிலிருந்து மெதுவாகத் தள்ளிக்கொண்டு போவார். சக்கரம் கடகடவென்று பாகாலா வரை போகும். பிறகு ரிசீவரை எடுத்து, "கேக்குதா?" என்பார்.

"நல்லா கேக்குது நைனா."

நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று இதைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. எனக்கு இருவர் மீதும் அப்படியொரு கோபம் வரும். ஒரு ஞாயிறு, போனை வாங்கி உண்மையைச் சொல்லிவிடுவது என்று கையை நீட்டினேன். நைனா என்னைப் பார்த்தார். நான் போனில், "இங்க மழை இல்லடா, அங்க எப்பிடி?" என்று கேட்டு வைத்துவிட்டேன். அன்று அந்தப் பார்வைக்கு நான் பணிந்திருக்கக் கூடாது.

எப்போது வருகிறாய் என்று அவர் மகனைக் கேட்டதே இல்லை. "சந்திரகிரி முடியட்டும், அப்பறம் வா" என்பார். சந்திரகிரி முடிந்ததும், திருப்பதி ஸ்டேஷன் முடியட்டும் என்றார். அதுவும் முடிந்தபோது, மலைக்குப் படிக்கட்டு வைக்க வேண்டும் என்றார். வராமலிருக்க மகன் காரணம் தேடிக் கஷ்டப்படக் கூடாதென்று காரணத்தை இவரே கட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் புரிந்தது.

சர்க்கரை வியாதி சிறுநீரகத்தைப் பிடித்தது. வாரம் இருமுறை வேலூருக்குப் பஸ்ஸில் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவோம். வரும் வழியில் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். தம்பியிடம் அதையும் குறைத்துத்தான் சொல்லச் சொன்னார். கடைசிக் கோடைக்கு முன்பு, நாற்காலியில் உட்கார்ந்தபடி தண்டவாளத்துக்குப் பெயின்ட் அடித்தார். பெயின்ட் டப்பாவை நான்தான் பிடித்துக்கொண்டேன். "ஒரு எடம் வுடாம அடிச்சிட்டேன் பாரு. அவன் வரும்போது பளபளன்னு இருக்கும்" என்றார்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். டம்ளர் விழும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

தம்பி வந்துசேர இரண்டு நாள் ஆகும். அதுவரை உடலை வைக்கும் கண்ணாடி ஐஸ் பெட்டிக்கு ஹாலில் இடமில்லை. தெருவில் பந்தல் போட்டு வைக்கலாம் என்றார் ஒருவர். அம்மாவின் தம்பியான எங்கள் மாமா கொதித்துவிட்டார். "தெருவுல வெக்க அவரு இன்னா அனாதையா? அவரு கட்டின வூடு. நடு வூட்டுலதான் வெக்கணும்."

அடுத்த தெரு ஆசாரி வந்து பலகையைச் சுற்றிப் பார்த்தார். "காலுங்கள சிமென்ட்டுல பொதச்சி கீறாரும்மா. கால அறுத்துட்டாலும் இந்த மலையோட வாசல்ல நுழையாது. மலைய ஒடைக்கணும், இல்லாட்டி நடுவுல அறுக்கணும்."

மாமா மலையுச்சியில் இருந்த நாமத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏழுமலைய ஒடைக்கச் சொல்றியா, அதுவும் இன்னிக்கு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நடுவுல அறுங்க" என்றேன்.

ரம்பம் இழுத்த நேரம் முழுவதும் பின்னறையில் அழுகை நின்றிருந்தது. பாகாலாவுக்கும் சந்திரகிரிக்கும் நடுவில் பலகை இரண்டானது. மலையிருந்த பாதியைச் சாய்த்து வாசலில் திருப்பும்போது, எலி குடைந்த சுரங்கத்திலிருந்து ஏதோ உருண்டு விழுந்தது. பொசுங்கிப்போன கருப்புப் பெட்டி. வந்தால் தெரியும் என்றவர், பிறகு எப்போதோ, மகன் வந்தால் கண்ணில் படக் கூடாதென்று மலைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்.

தம்பி வந்தான், கொள்ளி வைத்தான். மூன்றாம் நாள் பின்பக்கம் போனவன், சுவரில் சாத்தியிருந்த பாதிகளையும் அந்தப் பெட்டியையும் பார்த்தான்.

"இது எப்பக்கா எரிஞ்சது?"

"நீ போன மறுநாள்."

"அப்போ போன்ல நான் கேட்ட சத்தம்?"

என்ஜினைத் தண்டவாளத்தில் வைத்து விரலால் தள்ளிக் காட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

முதலாண்டுத் திதிக்காக அவன் இருபது நாள் முன்னதாகவே வந்தான். புதுக் கருப்புப் பெட்டியும் கன்வெர்ட்டரும் கைப்பையிலேயே கொண்டுவந்திருந்தான். சித்தூர் பாதியை ஹாலில் இரண்டு பெஞ்சு போட்டு வைத்தோம். சுவிட்சைப் போட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது, என்ஜின் அசையவில்லை. ஒயரை மாற்றினான், என்ஜினைத் துடைத்தான். கடைசியில் தண்டவாளத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். வெள்ளித் தோலாக உரிந்து வந்தது.

"பெயின்ட் அடிச்சா கரன்ட் போகாதுக்கா. எத்தன வருஷமா அடிச்சாரு?"

"வருஷா வருஷம்."

"அப்போ நான் எப்ப வந்திருந்தாலும் ஓடியிருக்காது" என்றான்.

உப்புத்தாள் வாங்கி வந்து தேய்த்தால் போய்விடும் என்றும் அவனே சொன்னான். வாங்கி வரவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. ஒயரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, என்ஜின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தான்.

நைனாவை வேலூருக்கு அழைத்துப் போக முறை வைத்துக்கொண்டு துணைக்கு வந்த பக்கத்து வீட்டார், தம்பி வரக் காத்திருந்த இரண்டு நாளும் அடுப்பு மூட்ட விடாமல் எங்களுக்குச் சோறு போட்ட தெருக்காரர்கள், மருத்துவமனையில் அவர் கையைப் பிடித்து ஊசி ஏற்றிய நர்ஸம்மா, தண்டவாளக் கட்டுகளைப் பெட்டியில் சுமந்து வந்த முகம் தெரியாத பிள்ளைகள், நடு வீட்டில்தான் வைக்க வேண்டுமென்று நின்ற மாமா, கண்ணைத் துடைத்துத் துடைத்து அறுத்த ஆசாரி, எல்லாருக்கும் எங்கள் இருவரின் கும்பிடு. நைனாவிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு ரம்பத்துக்காக அல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை போனை வாங்கியும் உண்மையைச் சொல்லாமல் வைத்ததற்காக.

திதிக்கு வருகிறவர்கள் பலகையை ஹாலில் பார்க்கலாம். குழந்தைகள் தொடட்டும், தடுக்க வேண்டாம். சுவிட்சைத் தேடாதீர்கள், விரலால்தான் தள்ள வேண்டும். பாகாலா வரை போகும்.