காந்தம் தொடாத பித்தளை

எரிந்துபோன மோட்டாரின் வாடை மூக்கில் ஏறினால் இன்றும் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். செம்புக் கம்பியின் மேல் பூசிய வார்னிஷ் கருகும் வாடை அது. எங்கள் பக்கத்தில் "காயில் போயிடுச்சு" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த ஒன்றரை ஏக்கரில் சின்ன வெங்காயம் திரண்டு வரும் நேரத்தில் போர் என்கிற ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் எரிந்தது. அதைக் கழற்றி டவுனுக்கு வைண்டிங் கட்ட அனுப்பிவிட்டு, குழியின் வாயில் சாக்கைப் போட்டு மேலே கல் வைத்திருந்தார் அப்பா.

கல்லைத் தள்ளிச் சாக்கை விலக்கியவன் நான்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது. பக்கத்தில், கிணற்றுப் பைப்பின் அடியில் மாட்டுகிற பழைய பித்தளை "புட்வால்வு" ஒன்று கிடந்தது. போர் போட வருகிறவர்கள் செய்வதுபோல அதைச் சணல் கயிற்றில் கட்டி, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க இறக்கினேன். கயிறு கையைவிட்டு நழுவி உள்ளே போனது. சாக்கை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

மோட்டார் திரும்பி வந்து, பைப்பு பைப்பாக இறக்கியபோது ஆறாவது பைப்பில் நின்றுவிட்டது. பாறை பிதுங்கிய இடத்தில் ஏதோ சிக்கியிருந்தது. அப்பா என்னைத்தான் பார்த்தார்.

"டேய், உள்ள என்னத்தடா போட்ட?"

"ஸ்பேனருப்பா."

முந்தின வாரமே அவருடைய பெரிய ஸ்பேனரைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றிருந்தேன். வீட்டில் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரே பொய்யில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று தோன்றியது.

ஸ்பேனர் இரும்பு என்பதால் காந்தம் வந்தது. முதல்நாள், ரேடியோ செட்டுக்காரரிடம் கிழிந்த ஸ்பீக்கரின் காந்தத்தை வாங்கிக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். மண் சரியாமல் இருக்க மேலே போட்டிருந்த இரும்புக் "கேசிங்" பைப்பிலேயே அது பல்லிபோல ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்து எடுப்பதற்குள் பொழுது போயிற்று.

மறுநாள், டவுனில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொடுத்த லூர்து அக்காவே வந்தார். ஏலாக்குறிச்சிக்காரர், பேச்சும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

"அண்ணே, இது எந்நேரமும் காந்தமாவே இருக்கறதாலதான் வம்பு. நமக்கு வேணுங்கறப்ப மட்டும் காந்தமா இருக்கணும்" என்றவர், ஒரு நீள இரும்புப் போல்ட்டின் மேல் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, அதன் இரண்டு முனைகளையும் டிராக்டர் பேட்டரியில் தொட்டார். பெட்டியில் கிடந்த ஆணிகள் துள்ளி வந்து ஒட்டின. கம்பியை எடுத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தன. "மோட்டாருக்குள்ளயும் இதேதான். கம்பியில கரண்டு ஓடுனா காந்தம், அந்த இழுப்புலதான் சுத்துது. நின்னுச்சுன்னா வெறும் இரும்பு."

பெட்டியில் ஒரு பித்தளை நட்டு மட்டும் அசையாமல் கிடந்தது.

"இது ஏன்க்கா வரல?"

"பித்தளை எங்கடா ஒட்டும்? செம்பும் ஒட்டாது, அலுமினியமும் ஒட்டாது. இரும்பத்தான் புடிச்சு இழுக்கும்."

உள்ளே கிடந்ததும் பித்தளைதான். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று முழுக்க, கரண்டு இல்லாத வெறும் போல்ட்டாகக் கேசிங்கைத் தாண்டி இறக்குவதும், ஆறாவது பைப்பின் ஆழத்தில் "டங்" என்று மோதியதும் பேட்டரியில் தொடுவதும், மேலே இழுத்துத் துருக் கலந்த சேற்றைப் பார்ப்பதுமாகப் போனது. "மோதுது, ஒட்ட மாட்டேங்குதே. தண்ணிக்குள்ள எங்கயோ கரண்டு கசியுது போல" என்று லூர்து அக்கா தான் சுற்றிய கம்பியைத் தானே பிரித்து மறுபடி சுற்றினார், அதன்மேல் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினார். அப்பா வயலில் இறங்கி ஒரு வெங்காயத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, அது மறுபடி பிடித்துக்கொள்ளும் என்பதுபோல அதே இடத்தில் ஊன்றி வைத்தார். தண்ணீரில்லாமல் தாள்கள் மடிய ஆரம்பித்திருந்தன.

மூன்றாம்நாள் காலையில் வந்த லூர்து அக்கா மறுபடி கம்பியைப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"அக்கா, அது பித்தளைக்கா. கயித்துல கட்டுன புட்வால்வு."

"அட எமகாதகா! நேத்துப் பூரா என் கைமேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சேடா!"

அப்பா, "அப்ப ஸ்பேனரு?" என்றார்.

"பேரீச்சம்பழம்."

அப்பா "இனிப்பா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். அடிக்கவில்லை.

கயிற்றோடு விழுந்தது என்று தெரிந்ததும், கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டியின் ஒரு கொக்கியை மட்டும் கழற்றி இறக்கினார்கள். இரண்டாவது முறையிலேயே சணல் மாட்டி, புட்வால்வு மேலே வந்தது. முதல்நாளே நான் சொல்லியிருந்தால் முதல்நாளே வந்திருக்கும். சாயங்காலம் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பாதி வயல் அதற்குள் சுருண்டுவிட்டது. மீதி, விதைக்குப் போட்டதற்குக்கூடத் தேறவில்லை.

குத்தகையை விட்டுவிட்டு அப்பா செங்கல் சூளைக்குக் கிளம்பினார். ஆறாவது பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நானும் கூடப் போனேன். அந்த இரண்டு நாளால்தான் என்று வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. அந்த வருஷத்து அறிவியல் புத்தகத்தில் காந்தப் பாடம் கடைசியில் இருந்ததாம். அதுவரை நான் போகவில்லை. பிறகு சூளை, கரும்பு வெட்டு, ஏதோ ஒரு துறைமுகத்தில் பழைய இரும்புக் கிடங்கு என்று ஊர் ஊராகப் போய்விட்டேன். கிடங்கில் கிரேனில் தொங்கும் வட்டக் காந்தம் ஒரே அள்ளலில் மலைபோல இரும்பைத் தூக்கும். ஸ்விட்சை அணைத்தால் கொட்டும். தரையில் தங்குகிற பித்தளையை நாங்கள் குனிந்து கையால் பொறுக்குவோம்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். வயலும் இல்லை, வாய்க்காலும் இல்லை. அந்தச் சுற்றுவட்டாரமே சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த பெரிய பள்ளமாகக் கிடக்கிறது. விளிம்பில் நின்றிருந்த காவலாளி, "என்னங்க பாக்குறீங்க?" என்றார்.

"இங்க ஒரு போர் இருந்துச்சுங்க."

"எத்தனை அடி?"

எனக்குத் தெரியவில்லை. ஆறாவது பைப்பு வரைக்கும்தான் தெரியும்.