நிக்காசியா முகர்ந்து பார்த்த கல்

நிக்காசியாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது. அவள் மேல் கோபமில்லை. எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் மேல்தான், அதிலும் ஊர்த்தலைவர் அன்செல்மோ மேல். அந்த ஆள் எதிரே வந்தால் நான் ஒதுங்குவதில்லை. அவர்தான் ஒதுங்கிப் போகிறார், போகட்டும்.

கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து தியோபிலோவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நிக்காசியா. குள்ளமாக இருப்பாள், ஆனால் அவள் வாய்விட்டுச் சிரித்தால் பட்டியிலிருக்கும் லாமா மிருகங்கள் எல்லாம் தலைதூக்கிப் பார்க்கும். கல்யாணத்தன்று மாமியார் ஊற்றிய சூப்பில் உப்பில்லை என்று பந்தியிலேயே சொன்னவள். நெய்ய வராது. அவள் நெய்த போர்வை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். ஆனால் வயலில் இறங்கிவிட்டால் இரண்டு ஆண்பிள்ளைகளின் வேலையை ஒருத்தியாகப் பார்ப்பாள். பார்க்காமல் என்ன செய்வாள்? தியோபிலோ பாதி வருஷம் கீழே காட்டுப் பக்கம் தங்கச் சுரங்கத்தில் கிடந்தான். அவன் பங்கு நிலம், அவன் பங்கு ஊர்வேலை, எல்லாம் இவள் தலையில். என் வீடும் அவள் வீடும் ஒரே சுவர். அவள் அடுப்பில் எது தீய்ந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும்.

எங்கள் மலையில் ஜூன்தான் கடுங்குளிர். அந்த வருஷம் ஜூனில் அவளுக்கு ஏழாம் மாதமே வலி கண்டுவிட்டது. தியோபிலோ சுரங்கத்தில் இருந்தான். நான்தான் பக்கத்தில் இருந்தேன். பெண் குழந்தை. அழவே இல்லை. பாதிரியார் எங்கள் மலைக்குத் திருவிழாவுக்கு மட்டும்தான் ஏறி வருவார், ஞானஸ்நானத்துக்கு யாரைக் கூப்பிடுவது? பட்டிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தோம். நான் மேலே ஒரு கல்லை வைக்கப் போனேன்.

"லியாந்த்ரா அக்கா, கல்லு வேணாம். பாரமா இருக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகஸ்டு பிறந்தது. வசந்தம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் ஆகஸ்டு முதல் நாள் கல்லைப் புரட்டித்தான் பார்ப்போம். முந்தின நாள் பொழுது சாயும்போதே ஊர்ப் பொட்டலில் வரிசையாகக் கற்களை வைத்துவிடுவோம். ஒன்று உருளைக்கிழங்கு முன்விதைப்புக்கு, அடுத்தது நடுவிதைப்புக்கு, கடைசி பின்விதைப்புக்கு. விடிந்ததும் எந்தக் கல்லின் அடியில் ஈரம் கசிந்திருக்கிறதோ அந்த விதைப்புக்கு மழை உண்டு, பனி தொடாது. ரேடியோவிலும் வசந்தகால வானிலை சொல்வார்கள்தான். மழை வழக்கம்போல இருக்கலாம், கூடலாம், குறையலாம் என்பார்கள். அதை என் கோழிகூடச் சொல்லும்.

அன்செல்மோ முதல் கல்லைப் புரட்டினார். அடியில் நல்ல ஈரம். அவருக்கு வாயெல்லாம் பல். அவர் வீட்டு விதைக்கிழங்கு அப்போதே முளைவிட்டு நின்றது, சீக்கிரம் நட்டால்தான் அவருக்கு நல்லது. நிக்காசியா குனிந்து அந்தக் கல்லை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள்.

"அண்ணே, இது மழை இல்ல. நாய் மூத்திரம்."

பொட்டலே சிரித்தது. அவள் அத்தோடு விட்டாளா?

"உங்க வீட்டு நாயாத்தான் இருக்கும். நேத்து சாயங்காலம் இங்கதான் காலைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சுது."

அன்செல்மோவின் முகம் சிவந்துவிட்டது. "எங்கிருந்தோ வந்தவ நீ. எங்க ஊரு கல்லைப் பத்தி எனக்கே பாடம் நடத்துறியா?"

"பாடமெல்லாம் இல்லண்ணே. நீங்களே மோந்து பாருங்க."

மோந்து பார்ப்பாரா? தலைவராயிற்றே. "ஈரம்னா ஈரம்தான்" என்று கல்லை வாங்கி வைத்தார். நடுக்கல்லின் அடியிலும் லேசான கசிவு இருந்தது, அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்விதைப்புக்குக் கை தூக்கச் சொன்னார். சற்றுமுன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அதே ஆட்கள் கை தூக்கினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எங்கள் ஊரில் ஊர் முடிவு செய்தால் எல்லோரும் ஒரே சரிவில் சேர்ந்து நட வேண்டும், தனியாக யாரும் நட முடியாது. நிக்காசியாவும் முணுமுணுத்துக்கொண்டே நட்டாள்.

செடி நன்றாகத்தான் கிளம்பியது. அக்டோபர் கடைசியில் ஒரு நாள் விடிந்து பார்த்தால் ராத்திரி இறங்கிய பனியில் சரிவு முழுக்கக் கறுத்துக் கிடந்தது. கொதிநீரை ஊற்றிய கீரை மாதிரி ஒவ்வொரு செடியும் துவண்டு தரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மறுநடவுக்கு வீட்டில் மிச்சமிருந்த கிழங்குதான், அதுவும் போனால் ஊரே கிளம்பிச் சுரங்கத்துக்குத்தான் போக வேண்டும்.

அன்செல்மோ என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வாரா! ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையை யாராவது ஒளித்துப் புதைத்தால் ஆகாயம் கோபித்துக்கொண்டு பனியை இறக்கும் என்பது எங்கள் மலையில் எல்லோர் வாயிலும் உள்ள பேச்சு. அதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். என் வாசலுக்கும் வந்தார்.

"லியாந்த்ரா, பக்கத்து வீட்டுக்காரிக்கு வயிறு இருந்துச்சே. பிள்ளை எங்க?"

"உங்க நாயைக் கேளுங்க. மழை வர்றதையே சொல்ற நாயாச்சே" என்று கதவைச் சாத்தினேன்.

நான் சாத்தினால் என்ன, வேறு கதவு திறக்காமலா இருக்கும்? மறுநாள் காலை ஊரைக் கூட்டினார். பட்டிக்குப் பின்னால் இருப்பதைத் தோண்டியெடுத்துக் கணவாயில், நிரந்தரப் பனிமேல் கொண்டுபோய் எறிய வேண்டும், அப்போதுதான் மறுநடவு பிழைக்கும் என்றார். பசிக்குப் பயந்த ஊர் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். "இவளும் சேர்ந்துதான் புதைச்சிருக்கா" என்று என்னை உட்காரச் சொன்னார்கள்.

நிக்காசியா எழுந்தாள். அன்று அவள் முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

"ஆமா, புதைச்சேன். ஒளிக்கல. என் பிள்ளைய என் பட்டியில புதைச்சேன். உயிரோட பொறந்திருந்தா நானே முதுகுல கட்டிக்கிட்டு பாதிரியாரைத் தேடிக் கீழ எறங்கியிருப்பேன். எவனாவது கை வச்சீங்க, அந்தக் கை திரும்பிப் போகாது."

சொல்லிவிட்டு நேராகப் போய்ப் பட்டி வாசலில் நின்றாள். ஊர் பின்னாலேயே போனது. இளவட்டங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தயங்கினார்கள். "ஆம்பளைங்களாடா நீங்க?" என்று சீறிவிட்டு, அன்செல்மோ தன் வீட்டுக்குப் போய்த் தானே கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். நான் நிக்காசியாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

அப்போதுதான் தியோனீசியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அன்செல்மோவின் மனைவி. ஊர்க்கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறந்தவள் இல்லை.

"ஏங்க, முதல்ல நம்ம வீட்டுல தோண்டுங்க" என்றாள்.

"நீ வீட்டுக்குப் போ."

"போறேன். நீங்களும் வாங்க. மூத்தவனுக்கு முன்னால ஒண்ணு பொறந்து மூச்சுவிடாமலே போச்சே. நீங்கதானே குழி தோண்டுனீங்க. நான் படுத்துக்கிட்டே பார்த்துக்கிட்டுதானே இருந்தேன். அந்த வருஷம் பனி விழுந்துச்சா? கிழங்கு வைக்க எடமில்லாம எங்கம்மா வீட்டுக்கு ஏத்தி அனுப்புனோமே, மறந்துட்டீங்களா?"

பிறகு பின்னாலிருந்து ஒருத்தி, "எங்க வீட்டுலயும் இருக்கு" என்றாள். "எனக்கு ரெண்டு" என்றாள் இன்னொருத்தி. "அடுப்புக்குப் பின்னால." "ஓடைக்கரையில." இத்தனை வருஷம் ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் வைத்திருந்ததெல்லாம் பட்டப்பகலில் வெளியே வந்தது. புருஷன்மார்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கா தெரியாது! பாதிக் குழிகள் அவர்கள் தோண்டியவைதானே. எனக்கு அழுகை வரவில்லை, நாலு பேரை அறைய வேண்டும் போலத்தான் இருந்தது.

அன்செல்மோ மனைவியிடம் குரலைத் தாழ்த்தி, "அது எந்த எடம்னு எனக்கு ஞாபகம் இல்ல" என்றார்.

"எனக்கு இருக்கு" என்றாள் தியோனீசியா. "மேற்குச் சுவரோரம். தினமும் அங்கதான் இந்தக் கடப்பாரையைக் குத்தி நிறுத்துறீங்க."

அவர் கையிலிருந்ததைப் பார்த்தார். அதன் முனையில் மண் ஒட்டியிருந்தது. மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் அன்றும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. திரும்பி நடந்தார்.

நிக்காசியா வாசலை விட்டு நகரவில்லை. அங்கிருந்தபடியே கூப்பிட்டாள்.

"அண்ணே, இனிமே அதை அங்க குத்தாதீங்க."