அக்காவுக்காக மாமா பேசினார்

பிச்சாவரம் பக்கத்து மீனவர் குப்பம் எங்களுடையது. ஊர்ப் பஞ்சாயத்தில் பெண் வாய் திறக்கக் கூடாது. அவளுக்காக அப்பாவோ அண்ணனோ பேச வேண்டும். எங்களுக்கு இருவருமே இல்லை. அதனால் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அக்காவுக்காகப் பேச ஒப்புக்கொண்டார்.

அக்காவை அடித்து ஆஸ்பத்திரியில் தள்ளிவிட்டு வேறொருத்தியோடு போன அவள் கணவர், இரண்டு வருடம் கழித்து வந்து, ஆறு வயது மகளைக் கேட்டுப் பிராது கொடுத்திருந்தார். மகளை விட்டால் அக்காவுக்கு யாருமில்லை. ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சிதம்பரத்தில் படித்தவள் என்ற திமிரில் நான் மாமாவுக்குப் பாடம் நடத்தினேன். அடிபட்டதை முதலில் சொல்லுங்கள், பிள்ளையை எட்டிக்கூடப் பார்க்காததை அடுத்துச் சொல்லுங்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியது. நாங்கள் மீன் ஏலம் விடும் கொட்டகைக்குப் பின்னால் நின்றோம். பேச்சு எங்கள் காதுக்கு எட்டவில்லை. மாமா சபையை விழுந்து கும்பிட்டு ஏதோ சொன்னது தெரிந்தது. பிறகு மற்றவர்கள் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். அக்கா என் தோளை நகம் பதியப் பிடித்திருந்தாள். மாமா மறுபடி எழுந்திருக்கவே இல்லை.

"சபை என்ன சொன்னாலும் கட்டுப்படுறோம்னு சொன்னேன். அப்படித்தான ஆரம்பிக்கணும்" என்றார், திரும்பி வந்ததும்.

அந்த ஒரு வார்த்தையோடு எங்கள் தரப்பு முடிந்தது என்று எழுதிக்கொண்டார்களாம். மறுநாளே பிள்ளையை அப்பனிடம் விட வேண்டுமாம். நடுவில் எழுந்து சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். ஊர்த் தலைவர் பேசும்போது குறுக்கிட்டால் மரியாதை இல்லையாம். அந்த மரியாதையைக் கொண்டுபோய்க் கடலில் போட வேண்டும் என்று இருந்தது.

விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் கோர்ட்டுக்குக் கிளம்பினோம். பஸ் நிறுத்தத்தில் மாமா நின்றிருந்தார். மறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தேன்.

"நீங்க போங்க. நான் குடுத்த வாக்கு பொய்யாயிடுச்சி, இனிமே என்னை சபையில உக்கார விடமாட்டாங்க" என்றார். அவரைத் திட்டவும் முடியவில்லை.

பஸ்ஸில் அக்கா, கோர்ட்டில் நமக்காக யார் பேசுவார்கள் என்று கேட்டாள். வக்கீல் பேசுவார், ஆனால் ஜட்ஜ் உன்னைத்தான் கேட்பார் என்றேன்.

"என்னையா கேப்பாங்க?"

ஆமாம் என்றேன். முப்பது வயதில் முதல் தடவையாக அவளை ஒருவர் கேட்கப்போகிறார். சொல்ல வேண்டியதை அவள் இப்போதே சன்னக் குரலில் சொல்லிப் பார்க்கத் தொடங்கினாள்.