கீபோர்டுக்கு வைத்த பொட்டு

அந்தக் கீபோர்டு எதனால் கெட்டது என்று எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். அம்மாவைக் கேட்டால் மாமாவின் பெட்ரோல் என்பாள். மாமாவைக் கேட்டால் அம்மாவின் சுடுதண்ணீர் என்பார். அப்பா இருந்தவரை, "அதோட ஆயுசு அவ்வளவுதான், உடுங்க" என்று முடித்துவிடுவார். உண்மையான காரணம் நான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. வெட்கங்கெட்டவள் என்று திட்டினால் திட்டிக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. நாமக்கல் ரோட்டில், சேலத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கோழிப்பண்ணை. அக்கா எனக்குப் பதினோரு வயது மூத்தவள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, அஸ்தம்பட்டியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவ்வரிசி மண்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அந்தத் தெருவுக்கே முதல் கம்ப்யூட்டர் அந்த மண்டிக்குத்தான் வந்தது. அதற்கென்று கண்ணாடி அடைத்து ஒரு ஏசி அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் ஊர் மாரியம்மனுக்குக்கூட அப்படி ஒரு சுகம் கிடையாது.

எனக்கு அந்த வேலையைக் கண்டாலே ஆகாது. அதுவரை எனக்குத் தலை பின்னியது, சோறு ஊட்டியது, பள்ளிக்கூடத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டது எல்லாம் அக்காதான். அம்மாவுக்குப் பண்ணையில் முட்டை பொறுக்கவே பொழுது போதாது. அக்கா வேலைக்குப் போகத் தொடங்கியபின் காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினால் விளக்கு வைத்துத்தான் திரும்புவாள். அம்மா தலை பின்னினால் புருவம் நெற்றிக்கு ஏறிவிடும், அவ்வளவு இழுப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கொடியில் கிடக்கும் அக்காவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்பேன். நாலாம் வகுப்புப் படிக்கிற கழுதை அப்படி நிற்கலாமா என்று அம்மா திட்டுவாள். நிற்கத்தான் செய்தேன். அவ்வளவு ஏக்கம் எனக்கு.

அப்பாவுக்கும் அந்த வேலையில் அரை மனசுதான். ரிக் வண்டி வைத்துக்கொண்டு வடநாட்டில் ஊர் ஊராகப் போர்க் கிணறு போடும் குடும்பம் ஒன்றிலிருந்து அக்காவுக்கு வரன் வந்திருந்தது. இன்னும் இரண்டு வருடம் வேலை பார்க்கிறேன் என்று அக்கா அழுது கேட்டாள். அப்பா இறங்கி வந்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

"வேலை இருக்கற வரைக்கும் நான் வாயத் தொறக்கல அம்மிணி. வேலை நின்னுச்சுன்னா அப்பறம் என்ற பேச்சுத்தான்."

இது என் காதிலும் விழுந்தது. ஆனால் வரன் என்றால் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், பலகாரம் கிடைக்கும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அக்கா என்னையும் மண்டிக்கு அழைத்துப் போனாள். முதலாளி பெரிய மனிதர். என் கன்னத்தைத் தட்டி, "வா சாமி" என்று சொல்லி ஒரு கை நிறையப் பொரிகடலையும் கொடுத்தார். எல்லாரும் தராசுக்கும் பீரோவுக்கும் சாக்குத் தைக்கிற ஊசிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கம்ப்யூட்டரின் தலையில் ஒரே ஒரு பொட்டு வைத்துவிட்டு வாழைக்கன்று கட்டப் போய்விட்டாள். எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. எங்கள் வீட்டில் அரிவாள், மண்வெட்டி, சைக்கிள் சக்கரம் என்று ஒன்று விடாமல் தனித்தனியாக வைப்போம். ஒன்றை விட்டுவிட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்று அம்மா சொல்லுவாள். இங்கேயோ கீபோர்டில் இத்தனை எழுத்து வெறும் நெற்றியோடு இருந்தது.

வைத்தேன். ஒன்று பாக்கியில்லாமல் வைத்தேன். சந்தனம் கெட்டியாக இருந்ததால் பன்னீர் விட்டுக் குழைத்து, விரல் நிறைய எடுத்து எடுத்து வைத்தேன். அது வழிந்து இடுக்குகளில் இறங்கியது. குங்குமமும் பின்னாலேயே போனது. பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது! பிறகு உறையை எடுத்துப் பத்திரமாக மூடிவிட்டு வந்துவிட்டேன்.

பூஜை போட்ட ஆயுதத்தை மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது. வியாழக்கிழமை பூஜை, வெள்ளிக்கிழமை விஜயதசமி. சனிக்கிழமை காலையில் அக்கா உறையைத் தூக்கியபோது சந்தனம் காய்ந்து சிமெண்டுப் பூச்சாகியிருந்தது. ஒரு எழுத்தும் அமுங்கவில்லை. யார் செய்தது என்று முதலாளி ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லாரும் நானில்லை என்றார்கள். அந்த அறையின் சாவி அக்காவிடம் இருந்ததால் பழி அவள்மேல் விழுந்தது. திங்கட்கிழமை காலையில் சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலைக்கு வர வேண்டாம், பழைய கணக்குப்பிள்ளையையே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அக்கா கீபோர்டைக் கழற்றி, மஞ்சள் பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

வந்ததும் என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். "நீ எதாச்சும் பண்ணுனயா சாமி?"

பக்கத்தில் அம்மா கரண்டியோடு நின்றாள். நான் இல்லையென்று தலையாட்டினேன். அக்கா அதை நம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து வீட்டில் திருவிழாதான். அம்மா புளியைக் கரைத்துக்கொண்டு வந்தாள். பித்தளைக் குடமே பளபளக்கிறது, இது எம்மாத்திரம் என்பது அவள் கட்சி. அக்கா கத்தியதும் புளியை விட்டுவிட்டு, தலைக்குத் தேய்க்கிற அரப்புப் பொடிக்குத் தாவினாள். லாரி ஓட்டுகிற மாமா ஒரு பாட்டிலில் பெட்ரோலோடு வந்தார். "எஞ்சினே கழுவறோம் அம்மிணி, இதென்ன பெரிய கொம்பா?" என்று நாலு எழுத்தைத் துடைத்தார். சந்தனத்தோடு எழுத்தும் அழிந்து கட்டை மொழுக்கென்று ஆகிவிட்டது. மாமாவுக்கு முகம் செத்துப்போனது.

"பரவால்லீங் மாமா. எழுத்து இல்லீனாலும் எனக்குத் தெரியுமுங்க" என்றாள் அக்கா.

கடைசியில் அவள் ஸ்பூன் காம்பால் நெம்பிக் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எல்லாவற்றையும் அரப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வடகம் காயவைக்கிற துணியில் பரப்பினோம். காவலுக்கு நான், கையில் ஒரு குச்சியோடு. வடகம் என்று நினைத்துக் கோழிகள் வந்து வந்து கொத்தின. நான் விரட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பண்ணையிலிருந்து ஒரு கட்டு வெள்ளை இறகு பொறுக்கிவந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டை கழன்ற குழிகளை ஒவ்வொன்றாக இறகு முனையால் சுரண்டினார். வேலை போனால் தன் பேச்சுத்தான் என்று சொன்ன அதே மனிதர்! சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. முதலாளி என்னை என்ன செய்துவிடப் போகிறார்? குழந்தை செய்தது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். வாய்வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அம்மா பெருமூச்சு விட்டுச் சொன்னாள், "போனாப் போகுது போ. நீ பேசாம ஊட்டுலயே இரு கண்ணு."

வீட்டிலேயே! பகல் முழுக்க அக்கா! வந்த வார்த்தையை அப்படியே விழுங்கிவிட்டேன்.

கட்டைகள் காய்ந்ததும் எது எங்கே என்று எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வெறும் முழங்கால்மேல் பத்து விரலும் ஓடின. விரல் நின்ற இடத்தில் ஓர் எழுத்தின் பெயரைச் சொல்வாள், அந்தக் கட்டையை நான் எடுத்துக் கொடுப்பேன். மொழுக்கென்று ஆன நாலும்கூட மிஞ்சிய குழிகளில் போய் உட்கார்ந்தன. அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததேயில்லை. எதையோ தனக்குள் கேட்டுச் சிரிக்கிற மாதிரி இருந்தது. அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அக்கா குளிக்கப் போனாள். ஓர் இடுக்கில் இன்னும் மஞ்சளாகத் தெரிகிறதே என்று அம்மா ஒரு டம்ளர் சுடுதண்ணீரை மேலே ஊற்றினாள். நல்லெண்ணம்தான், பாவம். பிறகு பயந்துபோய், ஈரத் தலைக்குப் போடுவதுபோல் கூடையைக் கவிழ்த்து, சாம்பிராணிப் புகை போட்டு உலர்த்தினாள். அக்கா வந்து பார்த்தபோது கீபோர்டு கோவில் கர்ப்பகிருகம் மாதிரி மணந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை காலை, "போயிட்டு வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டு ஏழு மணி பஸ்ஸுக்குப் போனாள். நான் பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் நின்று, அது வேலை செய்யக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பூஜை முடிந்த சூட்டில் எந்தக் குழந்தையும் சரஸ்வதியிடம் கேட்டிருக்காத வரம்.

சாயங்காலம் வந்தபோது அக்காவின் செருப்பு வாசலில் கிடந்தது. பாதி எழுத்து அமுங்கியதே தவிர திரையில் வரவில்லையாம். மதிய பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள். நான் பையை வீசிவிட்டு ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

"எனக்கு வேலை போனதுல உனக்கு இத்தன சந்தோசமா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா, நெம்ப" என்றேன்.

அவள் சிரித்தாள். கண் சிவந்திருந்தது. வெயிலில் வந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. என் வாழ்க்கையில் அதுபோல மூன்று மாதம் பிறகு வரவேயில்லை. தினமும் அக்காதான் தலை பின்னினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் இருந்தாள். சில நாள் சோற்றைப் பிசைந்தபடி அவள் அப்படியே நின்றுவிடுவாள், நான் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பேன். என்னக்கா என்றால் ஒன்றுமில்லை என்பாள். அப்பா ரிக் வண்டிக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார். வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள், பலகாரமும் வந்தது.

தை பிறந்ததும் கல்யாணம். மறுவாரமே அவளை வடக்கே அழைத்துப் போனார்கள். ரயிலில் இரண்டு நாள். அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்தாள், சில வருடம் அதுவும் இல்லை. ரயிலடியில் நான் புரண்டு அழுதபோது, எல்லாம் அந்த வேலையால் வந்த வினை என்றுதான் நினைத்தேன். ஏழு மணி பஸ்ஸில் போய் இருட்டில் வந்தாலும், தினமும் அவளை என்னிடம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது அந்த வேலை ஒன்றுதான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.